இருபத்து நான்கு பல்

மோட்டார் சைக்கிளின் மூன்றாவது கியர் உடைந்த அன்று அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் அவர் செய்ததைப் பார்த்துவிட்டு, கியரையும் அவரேதான் உடைத்திருப்பார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அவர் பம்ப் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். பத்தொன்பது வருடங்களில் அவர் இருப்பில் ஒரு வாஷர் குறைந்ததில்லை. கூடியதும் இல்லை. கூடினால்தான் அவருக்குக் கவலை அதிகம். குறைந்தால் யாரோ எடுத்திருக்கிறான், அவ்வளவுதான். கூடினால் யாரோ எதையோ மறைக்கிறான்.

வீட்டிலும் அதே கண்தான். நேற்று சோப்பு எவ்வளவு பருமன் இருந்தது என்று தெரியும். அடுத்த வீட்டுக்காரர் கொடியில் எத்தனை சட்டை காய்கிறது என்று தெரியும். மனைவி மனதில் என்ன ஓடுகிறது என்பது மட்டும் தெரியாது. அதற்குப் பட்டியல் கிடையாது.

மெக்கானிக் இன்ஜினை இறக்கி, கியர் பாக்ஸைப் பிரித்து, மூன்றாவது கியரை எடுத்துக் காட்டினார். அவர் வாங்கி எண்ணினார். இருபத்து நான்கு பல் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு.

"ரெண்டு பல்லு போயிடுச்சு சார். மாத்தணும்."

"மாத்துங்க."

"மாத்தறதுக்குப் பார்ட் வேணுமே. இந்த மாடலை நிறுத்திப் பதினோரு வருஷமாச்சு. வண்டி உங்க வீட்டுல இருக்கிறதே கம்பெனிக்குத் தெரிஞ்சிருக்காது."

உடைந்ததையே உள்ளே போட்டு மூடிக் கொடுத்தார். "கியர் கிடைச்சா வாங்க. அதுவரைக்கும் ரெண்டாவது கியருக்கு மேல போகாதீங்க." இரண்டாவது கியரில் மாவு மில் வரைக்கும் போகலாம். மச்சான் வீட்டுக்குப் போக முடியாது. மச்சான் வீடு முப்பத்தொரு கிலோமீட்டர். அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவிக்கு அண்ணன். புகார் எழுதுகிறவர். தெருவிளக்கு, தண்ணீர்க் குழாய், வங்கிக் கவுண்டரில் கயிறு கட்டிய பேனா, எடை மெஷின் சொன்ன பொய், எல்லாவற்றுக்கும் புகார். மொத்தம் பதினேழு ஃபைல். ஒவ்வொரு ஞாயிறும் தங்கை குடும்பம் போக வேண்டும். மாப்பிள்ளையை எதிரே முக்காலியில் உட்கார வைத்து, அந்த வாரப் புகாரை வாசித்துக் காட்டுவார். பிறகு அதற்கு வந்த பதில். பிறகு பதிலின் மேல் புகார். இவர் "சரிதான் மச்சான்" என்று சொல்ல வேண்டும். ஒரு ஞாயிறு எண்ணிப் பார்த்தார். நூற்றுப் பதினான்கு முறை சொல்லியிருந்தார்.

ஆனாலும் அவர் யோக்கியமாகத்தான் தேடினார். மூன்று வாரம், ஏழு கடை. முதல் கடைக்காரர் மாடல் பெயரைக் கேட்டதும் உள்ளே இருந்த அப்பாவைக் கூப்பிட்டு, "இங்க வாங்க, இவர் கேக்கறதைக் கேளுங்க" என்றார். இரண்டாவது கடையில் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரம் போனால் அதற்கடுத்த வாரம். மூன்றாவது கடையில் ஒரு கியரை எடுத்துத் துடைத்து, "இதேதான் சார்" என்று கையில் வைத்தார்கள். எண்ணினார். இருபத்தொன்று.

"மூணு பல்லு குறையுதே."

"ஓட்ட ஓட்டச் சரியாயிடும் சார்."

"பல் முளைக்குமா?"

கடைக்காரர் கியரைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

நான்காவது வாரம் ஒரு பழைய இரும்புக் கடையில், உடைந்த தையல் மெஷினுக்கும் தொட்டிக் குழாய்க்கும் நடுவில், அது கிடந்தது. மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் இருபத்து நான்கு. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் ஒன்று உறைத்தது. கடந்த மூன்று ஞாயிறும் அவர் வீட்டில் இருந்தார். சாய்வு நாற்காலியில் கால் நீட்டி இருந்தார். ஒரு முறைகூட "சரிதான்" சொல்லவில்லை. இந்தக் கியர் வண்டிக்குள் போனால், அவர் முக்காலிக்குப் போக வேண்டும்.

தெருமுனையில் நின்று யோசித்தார். பிறகு கியரை எண்ணெய்த் துணியில் சுற்றி, காகிதத்தில் மடித்து, கம்பெனியில் பார்சல் கட்டுவது போல நூலால் கட்டினார். ஓடாத பழைய ரேடியோவின் பின்பலகையைக் கழற்றி, உள்ளே வைத்து மூடினார்.

"கிடைச்சுதா?" என்றாள் மனைவி.

"எங்க கிடைக்குது. நாடே தேடணும் போல இருக்கு."

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும் கியர் தேடப் புறப்பட்டார். நேரே வாசகசாலைக்குப் போய் இரண்டு மணி நேரம் பேப்பர் படித்தார். திரும்பும்போது, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சின்ன டப்பாவிலிருந்து கிரீஸ் எடுத்து இரண்டு விரலில் பூசிக்கொண்டார். வேலை செய்த கை தெரிய வேண்டும் அல்லவா.

முதல் சனிக்கிழமை மனைவி அந்தக் கையைப் பார்த்தாள். "அடப் பாவமே" என்றாள். இரண்டாம் சனிக்கிழமையும் பார்த்தாள்.

"எல்லாக் கடையிலயும் நீலக் கிரீஸ்தானா?"

"இப்பல்லாம் அதான் வருது."

"ஓ. அதே ரெண்டு விரல்லதான் ஒட்டுமா?"

"எடுத்துப் பார்க்கிற விரல் அதானே."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் துண்டைக் கொடுத்தாள்.

அதோடு நின்றுவிட்டாள். சனிக்கிழமை எத்தனை கடை ஏறினீர்கள் என்று கேட்கவில்லை. ஞாயிறு காலையில் அண்ணனைப் பார்த்து எத்தனை நாளாச்சு என்று பெருமூச்சு விடவில்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் துலக்கினாள். அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டே கணக்குப் போட்டார். இருப்பு கூடியிருக்கிறது. யாரோ எதையோ மறைக்கிறார்கள்.

தினமும் காலையில் அவள் குளிக்கப் போனதும் ரேடியோவின் பின்னால் இரண்டு விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தார். பொட்டலம் இருந்தது. நூல் இருந்தது. முடிச்சு இருந்தது. பிரித்துப் பார்க்கவில்லை. கட்டிய பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, பொட்டலத்தை மட்டும் எண்ண வேண்டும். அது ஸ்டோரில் அவரே போட்ட சட்டம். பொட்டலம், ஒன்று. இருப்பு சரி.

மூன்றாவது வாரம், புதன்கிழமை, செருப்பு அலமாரியில் ஒன்றைக் கண்டார். அவருடைய பழைய கான்வாஸ் ஷூ. வண்டி நின்றதிலிருந்து அவர் அதைத் தொடவில்லை. இடது ஷூவின் மேல், கட்டைவிரல் இருக்கும் இடத்தில், கறுப்பாக ஒரு கோடு. விரலால் தேய்த்தார். ஒட்டியது. புதுசு.

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு அது என்ன கோடு என்று சொல்ல வேண்டியதில்லை. கியர் லீவரை இடது காலால் தூக்கித் தூக்கி விழுகிற கோடு அது. அவருடைய ஷூவை மாட்டிக்கொண்டு அவருடைய வண்டியை யாரோ ஓட்டுகிறான். இரண்டாவது கியரிலேயே ஊர் சுற்றுகிறான்.

சந்தேகம் நேரே அடுத்த வீட்டுக்காரர் மேல் போய் விழுந்தது. அடுத்த வீட்டுக்காரர் தையல்காரர். பகல் முழுக்க வீட்டில் இருப்பவர்.

"உங்க கால் என்ன சைஸ்?" என்று கேட்டார் சுவருக்கு மேலாக.

"எதுக்கு சார்? நான் தைக்கிறது துணி."

"சும்மா சொல்லுங்க."

"ஒன்பது."

இவருடையது ஏழு. "ஏழுல நுழையுமா?"

"வெட்டினா நுழையும்."

"பகல்ல எங்க வீட்டுப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டீங்களா?"

தையல்காரர் ஊசியைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். "மெஷின் ஓடறப்ப எனக்கு எதுவும் காதுல விழாது சார்."

"மெஷின் ஓடாதப்ப?"

"எப்பவும் ஓடிட்டேதான் இருக்கும்" என்று சொல்லி, துணியில்லாத மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த நாள் மெக்கானிக்கைத் தெருவில் பார்த்தார்.

"வண்டி எப்படி சார் இழுக்குது?"

"எப்படி இழுக்கும்? நின்னுட்டிருக்கு."

மெக்கானிக் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆமாமா. நின்னுட்டுதான் இருக்கும். நிக்கட்டும் சார், நிக்கட்டும்." சந்துக்குள் திரும்பினார். அந்தச் சந்துக்கு மறுபக்கம் வழி கிடையாது என்பது இவருக்குத் தெரியும்.

ஊரே சேர்ந்து எதையோ செய்கிறது. அன்று படுக்கும் முன் கணக்கெடுத்தார். சந்தேகப்பட வேண்டியவர்கள் நான்கு பேர்: தையல்காரர், மெக்கானிக், மில்காரர், பால்காரர். மனைவியைச் சேர்க்கவில்லை. கல்யாணத்துக்கு முன் அவள் அண்ணனுடைய வண்டியை ஓட்டினவள் என்று யாரோ ஒரு முறை சொன்னதுண்டு. ஆனால் கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவர் சாவியைக் கொடுத்ததில்லை. கொடுக்காத சாவியை எப்படி எண்ணுவது?

நான்காம் சனிக்கிழமை. வாசகசாலையில் இருந்து, இரண்டு விரலில் நீலக் கிரீஸோடு வீட்டுக்குள் நுழைந்தார். சாய்வு நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஃபைல், தரையில் நான்கு ஃபைல், பக்கத்தில் ஒரு துணிப்பை. பையின் வாயில் பல் துலக்கும் பிரஷ் தெரிந்தது. பிரஷ் தெரிந்தால் தங்கப்போகிறார் என்று அர்த்தம். எதிரே, சமையலறையிலிருந்து வந்திருந்த முக்காலி.

"வாங்க மாப்பிள்ளை. நீங்க வர முடியலன்னா என்ன, நான் வந்துட்டேன். உட்காருங்க."

அவர் சமையலறைக்குப் போனார்.

"எப்படி வந்தார்?"

"வந்துட்டார்."

"பஸ்ஸே கிடையாதே."

"பாசம் இருந்தா வழி இருக்கும்" என்றாள் மனைவி, வெங்காயத்தை விட்டுக் கண் எடுக்காமல்.

"எப்ப திரும்பறார்?"

"நீங்க கொண்டு போய் விட்டாத்தான் உண்டு. வண்டி சரியானதும் விடுங்க. அது வரைக்கும் இங்கதான்."

வண்டி சரியாகும் வரை. அதாவது கியர் கிடைக்கும் வரை. ஞாயிறு மட்டும் என்றிருந்தது திங்கள், செவ்வாய் என்று நீளப்போகிறது. முன்னறையில் மச்சான் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. வாசிப்பதற்கு முன் அப்படித்தான் செய்வார்.

ஒரு மனிதன் எவ்வளவு வேகமாக மனம் மாற முடியும் என்பதை அன்று அவர் காட்டினார்.

"சொல்ல மறந்துட்டேனே. இன்னைக்குத்தான் கிடைச்சுது" என்றார்.

"என்னது?"

"கியர். புத்தம் புதுசு மாதிரி. கொண்டு வந்து வெச்சிருக்கேன்."

"எங்க வெச்சிருக்கீங்க? வெறுங்கையோடதானே வந்தீங்க."

அதற்குள் அவர் ரேடியோவிடம் போய்விட்டார். உடம்பால் மறைத்துக்கொண்டு, பலகையைக் கழற்றி, பொட்டலத்தை எடுத்தார். அதே கனம். அதே முடிச்சு. முன்னறைக்கு வந்து, முக்காலியின் மேல் வைத்து, நூலை அறுத்து, காகிதத்தைப் பிரித்து, எண்ணெய்த் துணியை விலக்கினார். மச்சான் கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்தார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளே எடுத்து எண்ணினாள், ஒவ்வொரு பல்லாக, விரலால் தொட்டு.

"இருபது. இருபத்தொண்ணு. இருபத்திரண்டு." நிறுத்தினாள். "என்னங்க, இது ரெண்டு பல்லு இல்லாம இருக்கே. நம்ம பழசு மாதிரியே இருக்கு."

அவர் வாங்கிப் பார்த்தார். பழசு மாதிரி இல்லை. பழசேதான்.

வெளியே போய் வண்டியின் உறையைத் தூக்கினார். இன்ஜின் மேல் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். உள்ளங்கை சுட்டுவிட்டது. மீட்டரைப் பார்த்தார். வண்டி நின்றபோது நாற்பத்தெட்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. இப்போது நாற்பத்தெட்டாயிரத்து அறுநூற்று எண்பத்தெட்டு. கழித்தார். முந்நூற்று எழுபத்திரண்டு. மச்சான் வீட்டுக்குப் போய்வர அறுபத்திரண்டு. வகுத்தார். மீதி இல்லாமல் ஆறு. அவர் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக வகுபட்ட கணக்கு வேறு இல்லை. யாரிடமும் அதைச் சொல்லவும் முடியாது. சொன்னால், முதலில் கியர் எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும்.

உள்ளே வந்தார். மச்சான் முகம் சிவந்திருந்தது.

"மாப்பிள்ளை, உங்களை எவனோ நல்லா ஏமாத்தியிருக்கான். உடைஞ்ச சாமானைத் துடைச்சு, பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கான். இதை விடக் கூடாது."

"பரவாயில்ல மச்சான். போகட்டும்."

"எப்படிப் போகும்? நாளைக்கு இன்னொருத்தன் ஏமாறுவான்." புது ஃபைல் ஒன்றைப் பிரித்தார். மேலே பதினெட்டு என்று எண் போட்டார். பேனாவை உதறினார். "எந்தக் கடை? எந்தத் தெரு? எத்தனை மணிக்குப் போனீங்க? கடைக்காரன் பார்க்க எப்படி இருந்தான்? ஒவ்வொரு சனிக்கிழமையா வரிசையா சொல்லுங்க."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். இரண்டு விரலில் நீலக் கிரீஸ் இருந்தது.

மனைவி சமையலறைக்குத் திரும்பினாள். வாசலில் ஒரு நிமிடம் நின்று சொன்னாள்:

"நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. வண்டி இல்லாத வீடு, நமக்கு எங்க போகணும்."