நிலவறையில் இரண்டாம் போகம்

ஒமேர் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு கதவைத்தான் மனைவி ஹில்டேயின் முகத்துக்கு நேரே சாத்தியிருக்கிறார். அது நிலவறைக் கதவு. அதையும் எண்டிவ் பேரைச் சொல்லித்தான் சாத்த முடிந்தது.

மற்றபடி அந்த வீட்டில் அவர் வைத்தது சட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிரஸ்ஸல்ஸ் நெரிசலில் ஆயுசெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன். ரிட்டயரான மறுநாளிலிருந்து எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே நிறுத்துவது எல்லாம் ஹில்டே சொல்லிக்கொண்டிருக்கிறாள். எங்கள் ஊரில் இதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. பாதி வீட்டில் இதே கதைதான். மீதி வீட்டு ஆண்கள் கொஞ்சமும் கூசாமல் பொய் சொல்வார்கள், அவ்வளவுதான்.

எண்டிவ் என்கிற சாலட் கீரை விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இலையுதிர் காலத்தில் வேரைத் தோண்டி, தழையை வெட்டி எறிந்துவிட்டு, மண் நிரப்பிய பெட்டியில் நெருக்கமாக நட்டு, இருட்டில் வைக்க வேண்டும். வேருக்கு ஒன்றாக வெள்ளை மொட்டு கிளம்பும். கையளவு நீளம், கடித்தால் நறுக்கென்று இருக்கும், லேசான கசப்பு. வெளிச்சம் பட்டுவிட்டால் பச்சை பிடித்து, வாயில் வைக்க முடியாதபடி கசந்துபோகும். இது ஊரறிந்த உண்மை. ஒமேர் அந்த உண்மைக்கு நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நாற்காலி மட்டுமா? பக்கத்தில் ஒரு பெட்டி பீர், ஒரு குட்டி ரேடியோ, முதுகுக்கு ஒரு தலையணை, சுவரில் மாட்டிய சீஸ் கத்தி. தினமும் மதியம் தூக்கம் கலைந்ததும் "பயிரைப் பார்த்துட்டு வரேன்" என்று இறங்குவார். கதவைப் பூட்டிக்கொள்வார். இருட்டில் எதைப் பார்ப்பார் என்று கேட்க ஆளில்லை. ஹில்டே மட்டும் வேறொன்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சமையல்கட்டில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வாஷிங் மெஷினை நிலவறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவளுடைய பல வருஷத்து ஆசை.

"ஏங்க, அந்த மெஷினக் கீழ எறக்கிட்டா நான் சமையல்கட்டுல கையக் கால நீட்டி நிக்கலாம்."

"எறக்கலாம்மா. யாரு வேணாம்னா? ஆனா துணி போட லைட்டு வேணும். லைட்டு போட்டா எண்டிவ் போச்சு."

"எனக்கு இருட்டுலயே துணி போடத் தெரியும்."

"மெஷினு ஆடுமே. வேரு பயந்துக்கும்."

"வேரு பயப்படுமா?"

"ரொம்பக் கூச்ச சுபாவம் அதுக்கு."

ஹில்டே அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வளக்கறவர் குணம் ஒட்டிக்கிட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுத் துணியை அள்ளிக்கொண்டு போனாள்.

இப்படிக் குளிர்காலம் சுகமாக ஓடியது. ஏப்ரல் பிறந்ததும் கடைசி மொட்டையும் வெட்டியாகிவிட்டது. ஒரு வேருக்கு ஒரு மொட்டுதான். அதற்குமேல் அந்த வேர் முயலுக்குத்தான் ஆகும். யோக்கியமான மனுஷன் என்றால் அன்றைக்கே பெட்டியைக் காலி பண்ணியிருப்பான். ஆனால் மே மாதம் இத்தாலியில் சைக்கிள் பந்தயம் வருகிறதே. மூன்று வாரம் மலை ஏறுவார்கள், இறங்குவார்கள். அதை மேலே வரவேற்பறையில் உட்கார்ந்து கேட்க முடியுமா? கேட்டால் ஹில்டே கையில் வெள்ளையடிக்கிற பிரஷ்ஷைக் கொடுத்துவிடுவாள். ஆகவே ஒமேர் சாப்பாட்டு மேஜையில் ஒரு நாள் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"இந்த வருஷம் ரெண்டாம் போகம் எடுக்கலாம்னு இருக்கேன்."

"எண்டிவுல ரெண்டாம் போகமா?"

"புது முறை."

ஹில்டே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே "நல்லா பண்ணுங்க" என்றாள். அந்தப் பெண்ணுக்கு நகரத்துப் பிறப்பு, மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று ஒமேர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். பாவம்.

மே நடுவில் ஒரு வியாழக்கிழமை, பந்தயத்தில் பெரிய மலை வரப்போகிற நேரம். ஒமேர் படியில் கால் வைக்கப்போனார். ஹில்டே தோட்டத்திலிருந்து ஒரு கூடை பட்டாணியோடு உள்ளே வந்தாள். கண்ணாடிக் கூரைக்கு அடியில் அவள் வளர்த்தது. அந்த வருஷத்து முதல் பட்டாணி.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை ஊர்த் திருவிழா விருந்துக்கு நம்ம வீட்டு சாலட்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கேன். பட்டாணி என்னுது. எண்டிவ் உங்களுது."

ஒமேர் வைக்கப்போன காலைப் பின்னுக்கு இழுத்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தன பேருக்கும்மா?"

"ஊருக்கே. ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு பெரிய தட்டு."

"அவ்வளவு வராதே."

"ஏன் வராது? நாள் தவறாம போயி கவனிக்கறீங்க. நேத்திக்கு ரெண்டு மணி நேரம் உள்ள இருந்தீங்க. அவ்வளவு கவனிச்சா கல்லுகூட முளைக்கும்."

"இன்னும் கொஞ்ச நாள் விட்டா நல்லா திரளும்…"

"கடைசி எண்டிவும் முதல் பட்டாணியும் ஒண்ணா கெடைக்கறதே இந்த ஒரு வாரந்தான். விளையலன்னா சொல்லிடுங்க. பெட்டியத் தூக்கி வெளிய போட்டுட்டு மெஷின எறக்கிடலாம்."

"யாரு விளையலன்னா? விளைஞ்சு கெடக்கு" என்றார் ஒமேர். வாய் அவருடையது, வார்த்தை எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அன்றைக்கு மலையில் யார் முந்தினார்கள் என்பதுகூட அவர் காதில் ஏறவில்லை. மொட்டில்லாத வேர்ப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பீரைக் கையில் வைத்துக்கொண்டு, வாஷிங் மெஷின் எந்த மூலையில் நிற்கும் என்று நினைத்து நினைத்துக் கலங்கினார்.

இனி கமீலை விட்டால் கதி இல்லை. கமீல் அடுத்த தெருவில் எண்டிவை வியாபாரத்துக்கே வளர்க்கிறவன். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதம். கடைசி அறுவடையைக் குளிரறையில் அடுக்கி வைத்திருந்தான். ஒமேர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஏம்ப்பா, ரெண்டாம் போகம்னு எவனாவது சொல்வானா? என் முயலுகூட நம்பாதே."

"ஹில்டே நம்பிட்டா."

"ஹில்டேயா?" கமீல் சிரிப்பை நிறுத்தி அவரை ஒரு மாதிரி பார்த்தான். "சரி விடு. தரேன். பதிலுக்கு என்ன தருவே?"

"என்ன வேணும்?"

"அந்த நிலவறைப் பீரு."

"முழுப் பெட்டியுமா?"

"வேணாம்னா மெஷினுக்குக் குழாய் போட ஆள் சொல்லட்டுமா?"

வெள்ளிக்கிழமை ஹில்டே மாதா கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போனதும், தெருப் பக்கம் பழைய காலத்தில் கரி கொட்டுவதற்கு வைத்திருந்த துவாரம் வழியாக எண்டிவ் உள்ளே இறங்கியது, பீர் வெளியே ஏறியது. ஒமேர் கடைசிப் பாட்டிலைக் கொடுக்கும்போது பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன் மாதிரி கண் கலங்கினார். கமீல் இப்போதெல்லாம் தண்ணீர்த் தட்டில் வளர்க்கிறான். அவன் மொட்டில் ஒரு பொட்டு மண் இருக்காது. அதனால் ஒமேர் உட்கார்ந்து ஒவ்வொன்றின் அடியிலும் மண்ணைத் தேய்த்தார். இந்த மூளையை வேறு எதிலாவது போட்டிருந்தால் மந்திரியாகியிருக்கலாம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை கூடை கூடையாக மேலே கொண்டுவந்து வைத்தார். ஹில்டே ஒரு மொட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மாடி. மொத போகத்தவிட ரெண்டாம் போகம் பெரிசா இருக்கே."

"புது முறைன்னேனே."

"என் புருஷன் கெட்டிக்காரர்தான்." அவள் மூலையைக் காட்டினாள். அங்கே பட்டாணி, மூட்டை கட்டி நின்றது. பக்கத்துத் தோட்டங்களிலும் வாங்கியிருப்பாள் போல. "இத உரிக்கணும். கீழ கொண்டு போங்க."

"கீழ எதுக்கு?"

"பட்டாணி உரிக்க வெளிச்சம் வேணாமே. கைக்கே தெரியும். அப்படியே பயிரையும் பாத்துக்கலாம்."

ஒமேர் மூட்டையை இழுத்துக்கொண்டு இறங்கினார். சரி, ரேடியோவாவது இருக்கிறதே என்று கை நீட்டினார். அந்த நேரம் கதவுக்கு வெளியே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நீங்க தனியா இருப்பீங்களேன்னு நானும் இங்கயே கதவுகிட்ட உக்காந்துக்கறேன். கதவத் தொறக்க மாட்டேன், பயப்படாதீங்க. பேசிட்டே இருக்கலாம்."

பேசினாள். அவளுடைய அக்கா பாலினாவின் முட்டிவலி, பாலினாவின் மருமகள், மருமகளின் நாய். இத்தாலியில் அன்றைக்குப் பந்தயத்தின் தலைவிதியே மாறிக்கொண்டிருந்தது. ஒமேர் இருட்டில் உட்கார்ந்து, பீர் இல்லாமல், ரேடியோ இல்லாமல், பட்டாணியை உரித்து உரித்துக் கட்டைவிரல் பச்சையாகி, "ம்" கொட்டிக்கொண்டிருந்தார்.

மேலே வந்தால் வேலை முடிந்ததா? ஹில்டே முக்காலியில் உட்கார்ந்து வழி சொன்னாள். மொட்டின் அடியில் இருக்கிற கூம்பைக் கத்தியால் குடைந்து எடு, கசப்பெல்லாம் அதில்தான். இலையைக் குறுக்கே நறுக்கு. பட்டாணியைக் கொதிநீரில் போட்டதும் எடு, நிறம் மாறக்கூடாது. கடுகு விழுதும் வினிகரும் எண்ணெயும் அடி. பன்றிக் கொழுப்பைப் பொரித்துச் சூடாக மேலே தூவுவது மட்டும் நாளைக்கு. ஒமேர் நறுக்கினார், குடைந்தார், அடித்தார். ஹில்டே ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்து, "உப்பு" என்றாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த சாலட் ஊரையே ஒரு கலக்குக் கலக்கிவிட்டது. நறுக்கென்று கசக்கிற வெள்ளை இலைக்கு நடுவில் தித்திப்பான பட்டாணி. பங்குத் தந்தை மூன்று தரம் போட்டுக்கொண்டார். கமீல் ஒவ்வொரு மேஜையாகப் போய் "விருந்துக்கு என் பங்கு" என்று பாட்டில் வைத்தான். ஒமேர் தன் சொந்தப் பீரைக் குடித்துவிட்டு அவனுக்கு நன்றி சொன்னார்.

அப்போது ஹில்டே எழுந்து, மேஜை அதிரத் தட்டினாள்.

"எல்லாரும் என்னப் பாராட்டறீங்க. எனக்கு வெக்கமா இருக்கு. இது எங்க வீட்டுக்காரர் வளத்தது. ரெண்டாம் போகம்."

விருந்துக் கூடாரத்தில் தலைகள் எல்லாம் ஒமேர் பக்கம் திரும்பின. எண்டிவ் வளர்த்தே தலை நரைத்தவர்கள் பாதிப் பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவரான ரெமி முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒரே வேருல ரெண்டு தடவையா?"

"ஆமாங்க பெரியவரே."

"நான் பொறந்ததுலேர்ந்து எண்டிவ் வளக்கறேன். கேட்டதே இல்லையே. ஒமேர், எழுந்திருப்பா. வா, போயி பாக்கலாம்."

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. ஒரு பட்டாளமே கிளம்பிவிட்டது. கமீல் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஒமேர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இனி சாகிறவரைக்கும் அவரைத் தெருவில் பையன்கள்கூட "ரெண்டாம் போகம்" என்று கூப்பிடுவார்கள்.

"ஐயோ, இன்னிக்கு வேணாம்" என்றாள் ஹில்டே. "கதவத் தொறந்தா அடுத்தது கெட்டுடும். ஜூலை விருந்துக்கு மூணாம் போகம் வருது. அன்னிக்கு எல்லாரும் வாங்க. நீங்களே உங்க கையால வெட்டிக்கலாம்."

கூடாரமே கைதட்டியது. ரெமி வந்து ஒமேரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஜூலையில நான்தான் மொதல்ல எறங்குவேன்" என்றார். ஒமேர் சிரித்தார். அழுகைக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் தெரியவில்லை.

வீட்டுக்குப் போகும்போது பாதித் தெரு வரைக்கும் ஒமேர் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். அப்புறம் தாங்கவில்லை.

"ஹில்டே, ஜூலையில எண்டிவ் வராது."

"ஏங்க அப்படிச் சொல்றீங்க? நீங்க மனசு வச்சா வரும்."

"ரெண்டாம் போகமே கெடையாது. அது கமீலோடது."

"அப்படியா?" ஹில்டே நின்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "எனக்கென்ன தெரியும்? நான் புருஷன் பேச்ச நம்பறவ."

"இப்ப என்ன பண்றது?"

"ரெமி கிட்டப் போயி உள்ளதச் சொல்லிடுங்க."

"அது மட்டும் முடியாது."

அவள் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தாள். "அப்ப ஒண்ணு பண்ணலாம். அவசரப்பட்டு மெஷினக் கீழ எறக்கிட்டேன், வேரெல்லாம் வீணாப்போச்சுன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். புத்தி கெட்டவள்னு என்னைத் திட்டட்டும். உங்க பேரு கெடாது."

தனக்காக ஊர்ப்பழி ஏற்கத் துணிந்த இப்படி ஒரு மனைவியையா இத்தனை நாள் ஏமாற்றினோம் என்று ஒமேர் நிஜமாகவே உருகிப்போனார். வீட்டு வாசலில் நின்று, கோட்டுப் பைக்குள் கைவிட்டு, நிலவறைச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

ஹில்டே கைப்பையைத் திறந்து, அதே மாதிரி ஏற்கெனவே உள்ளே கிடந்த இன்னொரு சாவியோடு அதையும் போட்டுக்கொண்டாள்.