அந்தோணியின் உயரத்தில் ஒரு மெழுகுவத்தி

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

எதையும் முறைப்படி செய்பவன் என்று பெயரெடுத்தவனுக்கே பெரிய அவமானங்கள் வந்து சேருகின்றன. எனக்கு அது வேளாங்கண்ணியில் வந்து சேர்ந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் வசித்தேன். என் மனைவியின் தம்பி அந்தோணி பூந்தமல்லியில் ஆட்டோ ஓட்டிவந்தான். இருதயத்தில் வால்வு பழுது. அறுவை செய்யாவிட்டால் அந்த ஆண்டைத் தாண்டுவது அரிது என்று மருத்துவர் கூறிவிட்டார். அவனோ அறுவைக்கு உடன்பட மறுத்தான்.

"மாதாவுக்கு என் ஒசரத்துல மெழுகுவத்தி ஏத்து மாமா. அது நல்லபடியா எரிஞ்சிச்சின்னா படுக்கிறேன். இல்லன்னா ஆள வுடு."

ஆளுயர மெழுகுவத்தி நேர்ந்துகொள்வது எங்களவர் வழக்கம்தான். கோயிலருகே கடைகளிலேயே கிடைக்கும். ஆயினும் கடைச்சரக்கில் அளவு பிசகும் என்று கருதி, அம்பத்தூரில் சொல்லி வார்க்கச் செய்தேன். (முறைப்படி செய்பவன் அல்லவா!) வெள்ளை வேட்டியில் சுற்றி, வேளாங்கண்ணிக்கு அமர்த்திய வாடகை வேனின் கூரைமேல் கட்டினேன். மே மாதம், கடலோரச் சாலை. மரக்காணத்து உப்பளங்கள் கண்ணைக் கூசவைத்தன.

"மேல வச்சா இளகிடாது மாமா?" என்றான் அந்தோணி.

"மெழுகைப் பற்றி எனக்குத் தெரியும்," என்றேன். (ஒன்றும் தெரியாது.)

மாலையில் யாத்திரிகர் விடுதியில் இறக்கியபோது அது முழங்கால் மடக்கிய மனிதனைப்போல் வளைந்திருந்தது. அந்தோணி குளிக்கச் சென்றிருந்தான். அவன் திரும்புவதற்குள் நிமிர்த்திவிட எண்ணித் தாழ்வாரத்து பெஞ்சில் கிடத்தினேன், இறுகட்டும் என்று தண்ணீர் தெளித்தேன், பிறகு அழுத்தினேன். இடுப்பில் முறிந்தது.

என் மனைவி முந்தானையை வாயில் வைத்து அழத் தொடங்கினாள். அவன் கண்ணில் படாதிருக்க, வேட்டியைத் தலைமுதல் கால்வரை போர்த்தினேன். அந்நேரம் பார்த்து மின்சாரம் நின்றது. யாரும் இடறிவிடக் கூடாதே என்று தலைமாட்டில் இரண்டு சிறு மெழுகுவத்திகளை ஏற்றிவைத்தேன்.

ஐயா, அம்மா, அக்காட்சியைத் தாங்களே எண்ணிப் பாருங்கள்.

பக்கத்து அறைப் பெரியம்மா ஒருவர் வந்தார். "யாரும்மா இது?"

"எந் தம்பி…" என்றாள் மனைவி. மீண்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பெரியம்மா மண்டியிட்டு இறந்தோருக்கான செபத்தைத் தொடங்கினார். தாழ்வாரம் நிறைந்தது. விடுதிக் காப்பாளர் ஓடிவந்து, "பொணத்த உள்ள கொண்டாந்திருக்கீங்களே, ஒரு வார்த்த சொல்ல வேணாமாங்க?" என்று என் காதருகே சீறிவிட்டு, அவரும் மண்டியிட்டார். செபத்தின் நடுவே குறுக்கிட்டு எனக்குப் பழக்கமில்லை. (பதிலுரைகளை எல்லாரையும்விட உரக்கச் சொன்னவனும் நானே.)

ஈரத்தலையோடு வந்த அந்தோணி என்னருகில் மண்டியிட்டான்.

"யாரு மாமா? பாவம், எந்த ஊராம்?"

"நம் பக்கம்தான்."

"ஐயோ! இன்னா வயசு?"

"உன் வயதுதான்."

"இன்னா சீக்கு?"

நான் அடுத்த பதிலுரையை இன்னும் உரக்கச் சொன்னேன். அவன் கண்ணைத் துடைத்தபடி எழுந்து சென்று, முகம் பார்க்கத் துணியை விலக்கினான். திரி தெரிந்தது.

செபம் நின்றது. அவன் மெல்ல முறிவைத் தடவினான். இனி இவன் அறுவைக்குப் படுக்கமாட்டான், என் கையாலேயே இவனைக் கொன்றுவிட்டேன் என்று நான் கண்களை மூடிக்கொண்டேன்.

"அக்கா, இது நானா?"

அவள் தலையசைத்தாள். அவன் அழுத முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"முன்ன பின்ன தெரியாத ஜனம்… எனக்காவா இம்மாம் பேரு அழுவுது?" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "செத்தும் பாத்தாச்சி. டாக்டராண்ட சொல்லு மாமா, அறுக்கட்டும்."

மறுநாள் காலை இரு துண்டுகளையும் ஏற்றினோம். அறுவையும் நல்லபடியாக முடிந்தது. பல்லாண்டு ஆட்டோ ஓட்டினான். ஏறியவர்களிடமெல்லாம் தன் சாவுக்கு வந்த கூட்டத்தைப் பற்றிப் பெருமை பேசினான்.

சென்ற ஆண்டு அவன் மெய்யாகவே இறந்தான். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். என் மனைவி நேரே சென்று, துணியை விலக்கி, நெடுநேரம் உற்றுப் பார்த்தாள். அதன்பின்னரே அழுதாள். துக்கத்துக்கு வந்தவர்கள் திகைத்தனர். அவன் பிள்ளைகள் மட்டும் அழுகையினூடே சிரித்துவிட்டார்கள்.

இக்கடிதத்தைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்குமாறு வேண்டுகிறேன்.