உப்புக்கோள், நாலாம் பாகம் முதல்

வாசிக்காத புத்தகத்தைப் பற்றிப் பேசுவதைப் போலச் சுகமான வேலை வேறு இல்லை. வாசித்துத் தொலைத்தால் அங்கங்கே சந்தேகம் வரும், நாக்கு தடுமாறும். வாசிக்காதவனுக்கு ஒரு தடையும் கிடையாது. நான் அப்படித்தான் சில வருடம் கொடிகட்டிப் பறந்தேன்.

‘உப்புக்கோள்’ என்று ஒரு விஞ்ஞானக் கதைத் தொடர். மொத்தம் ஒன்பது பாகம். பூமியை விட்டுப் போன சனம் உப்புக்கடல் நிறைந்த ஒரு கோளில் குடியேறுகிற கதை. முதல் மூன்று பாகத்தையும் சோறு தண்ணி இல்லாமல் வாசித்தேன். நாலாவதை வாங்கப் போன நேரம், “மூன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும், மிச்சமெல்லாம் குப்பை” என்று யாரோ முகநூலில் எழுதியிருந்தார்கள். அந்த வசனத்தை அப்படியே தூக்கி என்னுடையதாக்கிக்கொண்டேன். மன்னார் பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடையில் சொன்னேன், வேலை செய்யும் கந்தோரில் சொன்னேன், செத்தவீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன். (செத்தவர் உப்புக்கோள் வாசித்தவர் இல்லை. ஆனாலும் சொன்னேன்.)

ரெஜினாவை எனக்குத் தெரியவந்ததும் இந்தத் தொடரால்தான். வங்காலை பஸ்ஸில் அவள் கையில் இரண்டாம் பாகம் இருந்தது. “ஒன்பதும் வாசிச்சனீங்களோ?” என்று கேட்டாள். அவளுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு “இல்லை” என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “ஓம், ஒன்பதும்” என்றேன். ஒரு வருடத்தில் இரண்டு வீட்டுக்காரரும் கல்யாணம் பேசி முடித்தார்கள்.

அவள் வீட்டுக்கு முறைப்படி சாப்பிடப் போன நாள் என் வாய் சும்மா இருக்கவில்லை. திரு இருதயப் படத்துக்குக் கீழே அலுமாரியில் ஒன்பது பாகமும் வரிசையாக இருந்தன. மாமனாருக்கு என் அறிவைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?

“நாலாவதிலயிருந்து எழுத்தாளருக்குச் சரக்கு முடிஞ்சுது மாமா. அதுவும் அந்த ஏழாம் பாகத்துக் கடல் சண்டை! அம்பது பக்கம். கொட்டாவிதான் வந்தது” என்றேன்.

மாமா பாவம், தலையாட்டினார். ரெஜினா என் கோப்பைச் சோற்றில் சொதியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“ஏழாம் பாகத்திலயோ?”

“ஓம், ஏழிலதான்.”

“ஆறாம் பாகத்திலயே கடல் வத்திப்போச்சு எல்லோ?”

எனக்கு மீன் முள் தொண்டையில் சிக்கியது. (உண்மையாகவே சிக்கியது. மாமா முதுகில் தட்டினார்.) அந்த இருமலுக்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அவளும் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்த என்னைப் போன்ற ஒரு மடையனை மன்னார்த் தீவு அதுவரை கண்டிராது.

எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெயர் கூறுவார்கள். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் விவாகம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தைக்கு அறிவிக்கவும் என்று. முதல் ஞாயிறு கூறினார்கள். இரண்டாம் ஞாயிறும் கூறினார்கள். அம்மா புதுச் சேலையில் முன்வாங்கில் இருந்து இரண்டு பக்கமும் திரும்பிச் சிரித்தார். மூன்றாம் ஞாயிறு பாதர் வேறு இரண்டு சோடியின் பெயரை வாசித்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துவிட்டார்.

கோயிலே என்னைத் திரும்பிப் பார்த்தது.

“டேய், என்னடா செய்தனீ?” அம்மா காணிக்கைப் பாட்டுக்கு நடுவில் கேட்டது பாடகர் குழு வரைக்கும் கேட்டிருக்கும்.

பூசை முடிந்ததும் பாதரின் அறைக்கு ஓடினேன். பாதர் ஒரு கடிதத்தை நீட்டினார். “ஒரு தடை வந்திருக்குத் தம்பி. இருபத்தஞ்சு வருசக் குருத்துவத்தில இப்பிடி ஒண்டை நான் கண்டதில்லை.”

ரெஜினாவின் கையெழுத்து. தான் கட்டப்போகிற கல்யாணத்துக்குத் தானே தடை எழுதியிருக்கிறாள்!

“மணமகன் நாலாம் பாகம் முதல் வாசிக்கவில்லை. வாசித்ததாக ஒரு வருடமாகச் சொல்லி வருகிறார். இவர் சொல்கிற மற்றவற்றில் எவ்வளவு உண்மை என்று எனக்கு இப்போது தெரியவில்லை. தெரியும் வரை பெயர் கூற வேண்டாம்.”

“திருச்சபைச் சட்டத்தில இதுக்கு இடமில்லை” என்றார் பாதர். “ஆனா பொம்பிளை விருப்பமில்லையெண்டா நான் கூறேலாது. விபூதிப் புதனுக்கு இன்னும் பதினேழு நாள். அதுக்குப் பிறகு தவக்காலம், கலியாணம் இல்லை. யோசியும்.”

நான் யோசிப்பதற்குள் ஊர் யோசித்து முடித்துவிட்டது. ஞாயிறு மத்தியானம் எனக்கு உயிலங்குளத்தில் ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தாள். திங்கள் காலை பாப்பாமோட்டையில் இரண்டு பிள்ளைகள். திங்கள் பின்னேரம் மூத்தவன் என்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறான் என்று எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி அம்மாவிடம் சொல்லி அழுதார்.

ரெஜினாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். “மன்னிச்சுக்கொள்ளும். நான் வாசிக்கேல்லை.”

“தெரியும். இப்ப வாசியுங்கோ. சனிக்கிழமை கேப்பன்.”

அவ்வளவுதான் சொன்னாள். வங்காலை பஸ் கண்டக்டர் கையில் ஒரு உரப்பை வந்தது. உள்ளே ஆறு புத்தகம். ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்தார். எனக்குச் சனிக்கிழமைக்குள் ஆறு பாகம்.

லீவு போட்டு வாசித்தேன். நாலாம் பாகம் குப்பை. ஐந்தாம் பாகம் அதைவிடக் குப்பை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, முகநூல்காரன் சொன்னது சரி! பிறகு ஆறாம் பாகம். அதில் கடல் வற்றிப்போகிறது. கடல் இல்லை என்று தெரிந்தும் அந்தச் சனம் தினமும் விடிய எழும்பி, தோணிகளைத் துடைத்து, வலையைத் தட்டிப் பார்த்து, வெயில் ஏற வீட்டுக்குத் திரும்புகிறது. நான் புத்தகத்தை மூடிவிட்டேன். யுத்தத்தில் கடலுக்குப் போகத் தடை இருந்த காலத்தில், மீன்பிடிகாரரான என் அப்பா இதைத்தான் செய்தார். “சும்மா ஏன் போறியள்?” என்று ஏழெட்டு வயதில் நான் அவரைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அப்பா இப்போது இல்லை. அந்த முற்றத்தில் பட்டப்பகலில் இருந்து அழுதேன். குப்பை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த புத்தகத்துக்குள் என் அப்பா இருந்திருக்கிறார்.

சனிக்கிழமை அவள் வீட்டு விறாந்தையில் விசாரணை நடந்தது.

“நாலு?”

“குப்பை.”

“அஞ்சு?”

“படு குப்பை.”

“ஓம். எனக்கும் அப்பிடித்தான். ஏழும் எட்டும்?”

“சொன்னதையே திருப்பிச் சொல்றார்.”

“ஒன்பது?”

ஒரு கணம் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. “இன்னும் நாப்பது பக்கம் கிடக்கு” என்றேன்.

அவள் அன்று முதன்முறையாகச் சிரித்தாள். “ஆறு?”

அப்பாவைப் பற்றி மட்டும் எப்படியோ சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பாதருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

மறுநாள் மூன்றாம் கூறுதல் நடந்தது. உயிலங்குளத்து மனைவி கிடைக்காமல் போனதில் கோயிலில் பலருக்கு ஏமாற்றம். விபூதிப் புதனுக்கு இரண்டு நாள் முன் கல்யாணம் முடிந்தது.

போன மாதம் மகள் முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல்நன்மைக்காக எங்கள் விவாகப் பதிவின் பிரதி எடுக்கப் போனோம். புதிதாக வந்திருக்கும் இளம் பாதர் பழைய புத்தகத்தைப் புரட்டி, ஓரிடத்தில் திடுக்கிட்டு நின்றார். பழைய பாதர் ஒன்றையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்: “தடை: மணமகன் நாலாம் பாகம் முதல் வாசிக்கவில்லை. நீங்கியது.”

“இது என்ன, மறைக்கல்விப் புத்தகமோ?” என்றார் இளம் பாதர்.

“இல்லை பாதர், ஒரு கதைப் புத்தகம்” என்றாள் ரெஜினா. “இப்ப பத்தாம் பாகமும் வந்திருக்கு. அது சரியில்லையெண்டு இவர் போன கிழமை சொன்னவர்.”

பாதர் என்னைப் பார்த்தார். “வாசிச்சனீரோ?”

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: “இல்லை பாதர்.”

பாதர் பதிவுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, மூடி வைத்த பேனையைத் திறந்தார்.