தும்பைப் பூவும் சாவி கொடுத்த ரயிலும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்கள் தயங்கிவிட்டேன். சாமி காரியத்தில் நடந்த கூத்தைச் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைப்பது பாவமோ என்று ஒரு பயம். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பதால் மற்றவர்கள் மூடிக்கொண்டிருக்கவில்லை. ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன், சிவன் பொறுக்கட்டும்.

என் மனைவி சிவகாமியின் அண்ணன், சுப்பையா மச்சான், பினாங்கிலிருந்து ஊருக்கு வந்தார். மற்றவர்கள் குடை, தைலம் என்று கொண்டுவருவார்கள். இவர் ஒரு ரயிலைக் கொண்டுவந்தார். தகர எஞ்சின், இரண்டு கூட்ஸ் பெட்டி, மூட்டை மூட்டையாகத் தண்டவாளம். சாவி கொடுத்தால் ஓடும். கூடம் முழுக்கத் தண்டவாளம் போட்டுவிட்டார். சாப்பிட எலை போட இடமில்லை. நான் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு சாமி அறைக்குப் போனால் குறுக்கே ஒரு குச்சியை நீட்டுவார்.

"கேட் சாத்தியிருக்கு மாப்பிள்ளை. நில்லுங்க."

"மச்சான், பூசைக்கு நேரமாச்சு."

"வண்டி போகட்டும்."

(நிற்பேன். பெண் கொடுத்த வீட்டு ஆள். என்ன செய்வது?)

அப்போதுதான் எங்கள் நாலு வயது மகள் மீனாளுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. வைத்தியரே கையை விரித்துவிட்டு எழுந்து போனார். பிள்ளை பிழைத்தால் பிரதோஷத்தன்று சிவனுக்கு ஒரு கூடை தும்பைப் பூ சாத்துவதாக சிவகாமி நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. ஆனால் நேர்ந்ததைச் செலுத்தும்வரை அவளுக்கு நெஞ்சில் தண்ணீர் இறங்கவில்லை. சிரிப்பு என்பதே அவள் முகத்தில் இல்லை.

தும்பை மூக்குத்தி அளவுப் பூ. ஒரு கூடை சேர்க்க அரைப் பொழுது ஆகும். குடுமியான்மலைப் பக்கம் வெள்ளையம்மா என்று ஓர் அம்மாள், தன் கொல்லையை உழாமல், தும்பையையும் ஆவாரையையும் தானாக முளைக்க விட்டு வேலி கட்டிக் காத்து, கோயில்களுக்குப் பூக் கொடுத்து வந்தார். (காட்டுப் பூவுக்கு ஒரு வேலியா என்று கேலி செய்தவர்களும் பிரதோஷத்தன்று அங்கேதான் போய் நிற்பார்கள்.) அந்தப் பிரதோஷத்தன்று காலையில் வண்டி கட்டினேன். மச்சானும் ஏறிக்கொண்டார், ரயிலை அடுக்கிய ஒரு டிரங்குப் பெட்டியோடு.

"இது எதுக்கு மச்சான்?"

"நம்ம ரயிலுக்கு ஸ்டேஷன் கட்டி, சுத்தி மரம் வைக்கணும். செடி அளவு பாக்க வேணாமா?"

கொல்லையில் நானும் அங்கே பூப் பறிக்கும் நாலு பெண்களும் பறித்தோம். கூடை நிறைந்தது. சாமிக்குப் பறித்த பூவை மோந்து பார்க்கக் கூடாது, மண்ணில் வைக்கவும் கூடாது. அதனால் இடுப்பில் அணைத்தபடியே நின்றேன். அதற்குள் மச்சான் பக்கத்துக் களத்தில் தண்டவாளத்தைப் பூட்டிவிட்டார். பெண்கள் எல்லாரும் அங்கிட்டு ஓடினார்கள். வெறும் வண்டி ஓட்டக் கூடாது என்று வெள்ளையம்மா தன் மடியிலிருந்த பூவை இரண்டு கூட்ஸ் பெட்டியிலும் கொட்டினார்.

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். என் நாக்கில் சனி.

"புது வண்டி. பூசை போடாம ஓட்டலாமா?" என்றேன்.

"மாப்பிள்ளை, இது பொம்மை."

"வீட்டுல கேட் சாத்துறப்ப பொம்மைன்னு தெரியலையா?"

பெண்கள் என் கட்சி. வெள்ளையம்மா திருநீறும் குங்குமமும் கொண்டுவந்தார். கொல்லை எலுமிச்சையில் ஒரு பழம் பறித்துக் கொடுத்தார். பஸ்ஸோ லாரியோ, சக்கரத்தில் பழம் நசுங்கினால்தானே கண்ணேறு கழியும்? எஞ்சினுக்கு முன்னால் தண்டவாளத்தில் வைத்தேன். பழம் எஞ்சினைவிடப் பெரிதாக இருந்தது.

மச்சான் சாவி முறுக்கி விட்டார். எஞ்சின் பழத்தில் முட்டி, முன்னங்காலைத் தூக்கி, நின்ற இடத்திலேயே உறுமியது. சக்கரம் மட்டும் சுற்றுகிறது. எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்க்க, இடுப்பில் கூடையோடு குனிந்தேன். கழுத்தில் துண்டு கிடந்தது. அதன் நுனி சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. பெட்டிகளை விட்டுவிட்டு எஞ்சின் மட்டும் துண்டைச் சுருட்டிக்கொண்டு என் நெஞ்சுக்கு ஏறி வந்தது. நாற்பது வயதை நெருங்கிய குடும்பஸ்தன் நான், "ஐயோ ஆத்தா" என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டேன்.

கூடை எங்கே போயிருக்கும்? களம் முழுக்க வெள்ளை. கோழிகள் வேறு வந்துவிட்டன.

"செடியில மிச்சம் இருக்கா ஆத்தா?" என்று வெள்ளையம்மாவிடம் கேட்டேன். அழுகை வந்தது.

"வெயிலு ஏறிருச்சுய்யா. இருந்ததும் உதிந்துருச்சு. மண்ணுல விழுந்தது சாமிக்கு ஆகாது."

மகள் உயிருக்கு நேர்ந்த பூ. சிவகாமியிடம் என்னவென்று சொல்வேன்? அப்போதுதான் மச்சான் என் தோளைத் தொட்டார். தண்டவாளத்தின் மேல் கூட்ஸ் பெட்டி இரண்டும் அசையாமல் நின்றன. வெள்ளையம்மா அதில் கொட்டிய பூ ஒன்றுகூட மண்ணைத் தொடவில்லை.

சாயங்காலம் பித்தளைத் தாம்பாளத்தில் இரண்டு தகரப் பெட்டிகளை ஏந்திக்கொண்டு கோயிலுக்குள் போனேன். சிவகாமி மீனாளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கூடை எங்கங்க?"

நான் நேரே சன்னதிக்கு நடந்தேன். குருக்கள் தாம்பாளத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

மச்சான் கும்பிட்டபடியே சொன்னார்: "பாக்கி அடுத்த கூட்ஸ்ல வருது சாமி."

சிவகாமி சிரித்துவிட்டாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கியும் அடங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வழிகிறது. அம்மா சிரிப்பதைப் பார்த்து மீனாளும் கை தட்டினாள். இத்தனை நாள் நான் தலையால் தண்ணீர் குடித்தும் வராத சிரிப்பு, அந்த மனுஷன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு வந்ததே என்று எனக்கு வந்த எரிச்சல் சிவனுக்குத்தான் தெரியும்.

அடுத்த பிரதோஷத்துக்கு மச்சானை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போய் முழுக் கூடையும் கொண்டுவந்து சாத்தினேன். இதை மட்டும் யாரும் சொல்வதில்லை. சாம்பாரில் உப்புக் குறைந்தாலும், கல்யாணச் சீரில் ஒரு பாத்திரம் குறைந்தாலும், "பாக்கி அடுத்த கூட்ஸ்ல வருது" என்கிறார்கள். மீனாள் பெற்ற பிள்ளைகள் வரைக்கும் சொல்கிறார்கள்.

ஆகையால் படிக்கும் புண்ணியவான்களைக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடமாவது இதைச் சொன்னால், கூட்டாமல் குறைக்காமல் நான் எழுதியபடியே சொல்லுங்கள். பாதியைச் சொல்லிவிட்டு, பாக்கி அடுத்த கூட்ஸில் வருகிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.