சுவர் சொன்ன இருபத்து மூன்று டிகிரி

வீடு குளிர்கிறதா இல்லையா என்பதை நீங்கள் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? உடம்புக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். ஹெதர்கிளஃப்பில் அப்படிச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. யார்க்‌ஷர் மலையடியில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில், வீடு குளிர்கிறது என்றால் அதை அலுவலகம் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும் நீங்கள் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஹேலி சக்டனுக்கு இந்த விவரம் நவம்பர் மாதம் வரை தெரியாது. அவள் இருந்தது வீட்டு வாரியத்தின் வாடகை வீடு. அதில் இருந்தது முப்பத்தொரு வயசுப் பாய்லர். ஒன்றிலிருந்து ஆறு வரை எண் போட்ட ஒரு திருகு. அதையும் குறடு வைத்துத்தான் திருப்ப வேண்டும். ஆனாலும் வீடு முழுக்கக் குழாயில் வெந்நீர் ஓடும், ரேடியேட்டர் சுடும், அதன் மேல் காயப்போட்ட குழந்தைத் துணி அரை மணியில் மொறுமொறுவென்று ஆகிவிடும்.

ஒரு நாள் காலையில் பாய்லர் இருமியது. பார்க்க வந்த நெவில் மூடியைக் கழற்றினார், டார்ச் அடித்தார், பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார். அந்த ஊரில் பாய்லர்காரர் எவ்வளவு நேரம் உறிஞ்சுகிறார் என்பதை வைத்தே வியாதியின் கடுமையைச் சொல்லிவிடுவார்கள். நெவில் உறிஞ்சி முடிப்பதற்குள் ஹேலி டீக்குத் தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றிவிட்டாள்.

"பொழைக்குமா நெவில்?"

"இது போன வருஷமே செத்துடுச்சும்மா. யாரும் அதுகிட்ட சொல்லல போல."

கேஸை மூடிவிட்டு, தொடக்கூடாது என்று ஒரு சிவப்புச் சீட்டை அதன் நெற்றியில் ஒட்டினார். "புதுசு என் வேன்லயே இருக்கு. அரை நாள் வேலை. ஆபீஸ்ல ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துடு."

ஒரு கையெழுத்துத்தானே. ஹேலி ஏழு மாத மகள் மார்த்தாவுக்கு இரண்டு குல்லாய் போட்டுத் தூக்கிக்கொண்டு திங்கட்கிழமை கிளம்பினாள். புருஷன் கிரெய்க் பஸ் ஓட்டுகிறவன். பஸ்ஸில் ஹீட்டர் உண்டு, அவனைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் மார்த்தாவைப் பற்றித்தான். ராத்திரி நெஞ்சில் லேசாகக் கறகறவென்று சத்தம் வர ஆரம்பித்திருந்தது. வீட்டிலிருந்த சின்ன மின்சார ஹீட்டர் ஒரு முழங்காலைச் சூடாக்கும். இரண்டாவது முழங்காலுக்கு அதைத் திருப்பிவைக்க வேண்டும்.

இல்ல வெதுவெதுப்பு நல அலுவலகத்தில் பாய்லர் பிரிவு அதிகாரி கிளைவ் ராம்ஸ்டன் அவளை மரியாதையாக உட்காரவைத்தார்.

"பாய்லரைத் தனியாத் தர முடியாதும்மா. வீட்டுச் சூட்டை அளந்து கூட்டிக் குறைக்கறதுக்கு, அதுக்குப் பொருந்துற கன்ட்ரோலும் வேணும். கன்ட்ரோல் சொல்றது பாய்லருக்குப் புரியணும், பாய்லர் சொல்றது கன்ட்ரோலுக்குப் புரியணும். ரெண்டும் ஒத்துப்போகலேன்னா வீட்டுல நிம்மதி இருக்காது."

"எங்க வீட்டுல இருந்தது ஒரு திருகுதான் சார்."

"அது பாய்லர்கூடப் பேசுமா?"

"பேசாது. சூடு வரும்."

கிளைவ் 'பேசாது' என்பதை மட்டும் எழுதிக்கொண்டார். "கன்ட்ரோல் எதுன்னு தெரிஞ்சாத்தான் நான் பாய்லர் ஒதுக்க முடியும். பாய்லர் எதுன்னு தெரிஞ்சாத்தான் கன்ட்ரோல் பிரிவு கன்ட்ரோல் ஒதுக்கும். நீங்க அவங்களைப் பாருங்க."

"அவங்க எங்க இருக்காங்க?"

"இதே மேசைதான். வியாழன், வெள்ளி."

"யாரைப் பாக்கணும்?"

"என்னைத்தான்."

"அப்ப இப்பவே ரெண்டையும் பேசி முடிச்சிடலாமே சார்."

"இன்னிக்குத் திங்கள்மா. அவரோட வேலையில நான் தலையிட்டா நல்லா இருக்காது."

வியாழக்கிழமை கிளைவ் வேறு டை கட்டியிருந்தார், ஆளே மலர்ச்சியாக இருந்தார். காரணம் உண்டு. பாய்லர் என்பது சமையலறை மூலையில் கிடக்கும் ஒரு தகரப் பெட்டி. அதன் பக்கத்தில் நின்று யாரும் போட்டோ எடுத்துக்கொள்வதில்லை. கன்ட்ரோல் அப்படியல்ல. கறுப்புக் கண்ணாடியில், தொட்டால் ஒளிரும். ஊரில் அந்த வருஷம் அதுதான் மோஸ்தர். பப்பில் ஆம்பிளைகள் குழந்தை படத்தைக் காட்டுவதை நிறுத்திவிட்டு, போனில் வீட்டு டிகிரியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஸ்பெயினில் கடற்கரையில் படுத்துக்கொண்டு ஹெதர்கிளஃப்பில் இருக்கும் பூனைக்குச் சூடு வைத்தாளாம்.

"பாய்லர் பிரிவு ரொம்ப மெத்தனம்மா," என்றார் கிளைவ் வருத்தத்தோடு. "நானும் எழுதி எழுதிப் பாத்துட்டேன். அவங்க வர்றபோது வரட்டும். கன்ட்ரோலை நாளைக்கே மாட்டிடறோம்."

மாட்டினார்கள். கூடத்துச் சுவரில், சின்ன அலமாரிக்கு மேலே, கறுப்புக் கண்ணாடி ஒளிர்ந்தது: ஒன்பது டிகிரி. அன்று சாயந்திரமே ஹேலியின் போனுக்குச் செய்தி வந்தது. 'வணக்கம் ஹேலி. உங்கள் இல்லம் சற்றே குளிர்ச்சியாக உள்ளது.' அடுத்த நாளும் வந்தது. மூன்றாம் நாள், 'பாய்லரை இயக்கலாமே' என்று யோசனையும் சொன்னது.

பகல் பொழுதுக்கு மார்த்தாவைத் தூக்கிக்கொண்டு ஹேலி பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே பெரில் தனியாக இருந்தாள், பாய்லரை வஞ்சனையில்லாமல் ஓடவிடுவாள். "உன் சுவர் என்ன சொல்லுது கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே குழந்தையை வாங்கிக்கொள்வாள். அந்த முன்னறையில்தான் மார்த்தா குல்லாயைக் கழற்றினாள், அங்கேதான் நெஞ்சுச் சத்தமும் அடங்கியது.

இரண்டு வாரம் கழித்து கன்ட்ரோலை ஆய்வுசெய்ய கிளைவ் நேரில் வந்தார். வீட்டுக்கு வந்தவருக்கு டீ கொடுக்காமல் இருக்க அந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. கிளைவ் கோட்டைக் கழற்றவில்லை, கையுறையையும் கழற்றவில்லை. பேனா எடுப்பதற்காக, ஆவி பறக்கும் டீக்கோப்பையை அலமாரியில் வைத்தார், கன்ட்ரோலுக்கு நேர் கீழே. படிவம் நீளமானது. எழுதி முடித்து நிமிர்ந்தபோது கண்ணாடியில் இருபத்து மூன்று என்றிருந்தது.

"அருமை," என்றார் கிளைவ். பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது.

"அது உங்க டீ சார்."

"டீ நல்லாத்தான் இருந்துச்சும்மா, நன்றி."

கடிதம் நாலாம் நாள் வந்தது. 'மேற்படி இல்லமானது பாய்லர் ஏதுமின்றியே இருபத்து மூன்று டிகிரி வெதுவெதுப்பை எய்தியுள்ளமை முறைப்படி பதிவாகியுள்ளது. எனவே பாய்லர் கோரும் தங்கள் விண்ணப்பம் தேவையற்றதெனத் தீர்மானித்து, மகிழ்ச்சியுடன் முடித்து வைக்கப்படுகிறது.'

ஹேலி மார்த்தாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். திங்கட்கிழமைதான், சரியான கிளைவ்தான் இருந்தார்.

"சார், இவ மூக்கைத் தொட்டுப் பாருங்க."

"மூக்குக்குப் படிவத்துல கட்டம் இல்லியேம்மா."

"வீடு ஒன்பது டிகிரி சார்."

"இருபத்து மூணுன்னு எழுதிட்டுப் போனவர் நேர்ல வந்து பாத்தவர். நான் அந்த வீட்டைப் பாத்ததுகூட இல்ல. அவர் எழுதினதை நான் எப்படி மறுக்கறது?" குரலைத் தாழ்த்தினார். "முடிஞ்ச விண்ணப்பத்தைத் திறக்க வழியே இல்ல. ஆனா உங்களுக்குப் பாய்லர் கிடைக்க இன்னொரு வழி இருக்கு. மேலிடம் உங்க வீட்டைப் பாத்து அசந்துபோயிருக்கு. உங்க தெருவுல பன்னெண்டு வீட்டுக்கும் கன்ட்ரோல் மாட்டிப் போட்டி வைக்கறாங்க. கேஸ் செலவே இல்லாம, கிறிஸ்துமஸ் வரைக்கும் சுவர்ல யாரு அதிக டிகிரி காட்டறாங்களோ அவங்களுக்குப் பரிசு."

"என்ன பரிசு?"

"புதுப் பாய்லர். கன்ட்ரோலோட பொருத்தம் பாத்தது."

பாய்லர் தேவையே இல்லை என்று நிரூபிப்பவருக்குப் பாய்லர். ஹேலி அதை நடந்துகொண்டே இரண்டு முறை யோசித்தாள். பஸ் நிறுத்தம் வருவதற்குள் அது நியாயமாகத்தான் பட்டது. அவள் வீட்டில் கேஸ் ஏற்கெனவே மூடிக்கிடக்கிறது. அந்தத் தெருவில் அவளை விட்டால் வேறு யாருக்கு அந்தப் பாய்லர்?

டிசம்பர் முதல் தேதி காலையில் தெருவில் பன்னிரண்டு புகைபோக்கிக் குழாயில் ஒன்றுகூட மூச்சு விடவில்லை.

நல்ல பாய்லர் வைத்திருந்த பதினோரு வீட்டிலும் பாய்லரை அணைத்துவிட்டார்கள். நெவில் வேனை ஓட்டிக்கொண்டு மெதுவாகத் தெருவைக் கடந்தார், பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சிக்கொண்டே. ஒவ்வொரு ஜன்னலிலும் கோட்டும் குல்லாயும் போட்ட ஒரு குடும்பம், சுவரைப் பார்த்தபடி, கையில் டீயோடு நின்றது. யாரும் அதைக் குடிக்கவில்லை.

ஹேலிக்கு முதல் நாலு நாள் டீதான். கோப்பை ஆறாமல் பார்த்துக்கொள்வதிலேயே பகல் போனது, பெரில் வீட்டுப் பக்கம் போகவே இல்லை. ஐந்தாம் நாள் கோப்பையை மாற்ற வந்தவள், அழுத மார்த்தாவைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு கன்ட்ரோல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். எண் மடமடவென்று ஏறி இருபத்து நாலில் நின்றது. அதற்குப் பிறகு அவள் டீ போடவில்லை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், பிள்ளையை ஏந்திக்கொண்டு சுவரோரம் நின்றாள். பிள்ளைக்காக வீட்டைச் சூடுபண்ணக் கிளம்பியவள்தான். போனில் பட்டியல் வந்தது: முதலிடம், ஹேலி சக்டன். பார்த்துச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் மார்த்தாவின் நெஞ்சில் பழைய கறகற சத்தம் திரும்பியது. ஹேலி கம்பளியில் சுருட்டித் தூக்கிக்கொண்டு பெரில் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த பெரில் வீட்டுக்குள்ளேயே கோட்டும் மப்ளரும் போட்டிருந்தாள். உள்ளே பார்த்தால் கன்ட்ரோலுக்குக் கீழே ஆறு கோப்பைகள் வரிசையாக நின்றன.

"நீங்களுமா பெரில்? உங்க பாய்லர் புதுசாச்சே, மூணு வருஷம்கூட ஆகலியே."

"நல்ல பாய்லர்தான் கண்ணு. ஆனா பரிசுல வந்த பாய்லர் இல்லியே."

"ஒரு அரை மணி நேரம் போட்டுவிடுங்க. இவளுக்கு மறுபடியும் நெஞ்சுச் சளி, லேசாக் காய்ச்சலும் இருக்கு."

பெரில் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியில் பத்தொன்பது இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினெட்டானது. மூக்கை மப்ளரில் துடைத்துக்கொண்டு மார்த்தாவை ஏற இறங்கப் பார்த்தாள். ரொம்ப நாள் பழகிய பாசத்தோடு இரண்டு கையையும் நீட்டினாள்.

"நேத்து உன் ஜன்னல் வழியாப் பாத்துட்டேன் கண்ணு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். டீ பத்து நிமிஷத்துல ஆறிப்போகுது. இவ ஆற மாட்டா. காய்ச்சல் வேற லேசா இருக்குங்கறே. சாயந்திரம் வரைக்கும் இவளை எனக்குக் கொஞ்சம் குடுத்துட்டுப் போயேன்."