மாமனார் அடைத்த இடைவெளி

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம், வீடும் நலம். வீட்டையும் சேர்த்து நலம் எழுதுகிற வழக்கம் இல்லைதான். ஆனால் நேற்று போனில் நான் போட்ட கூச்சலுக்குப் பிறகு நீங்கள் முதலில் அதைத்தான் தேடுவீர்கள். "கைக்குழந்தையோட இங்க வந்துடாதீங்க, வீடு ரெண்டாப் பொளந்துக்கிட்டு நிக்குது" என்று சொன்னேன் அல்லவா, அதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். போனிலேயே சொல்லியிருப்பேன். இனி அப்பா போன் பண்ணினால் எடுக்கப்போவதில்லை என்று மகள் சொல்லிவிட்டாள். ஆகவே எழுத்தில்.

நீங்கள் மூவரும் குடிவருமுன் புது வீட்டைத் துடைத்து வைக்கலாமென்று நாங்கள் வந்தோமா, வாசலுக்கு முன்னால் வராந்தாவின் குறுக்கே ஒரு தகடு பதித்திருந்தது. கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் பார்த்தால் விரல் நுழைகிற இடைவெளி. தரையோடு நின்றால் பரவாயில்லை, சுவரில் ஏறி மொட்டைமாடி வரைக்கும் போகிறது. லிஃப்ட் அந்தப் பக்கம், உங்கள் வீடு இந்தப் பக்கம். ஆயுள் முழுக்கத் தையல் மெஷின் மிதித்தவன், தையல் விட்டுப்போன இடம் எனக்குத் தெரியாதா? இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தேன். காலையில் ஓர் அளவு, உச்சி வெயிலில் ஒரு நூல் குறைச்சல், மறுநாள் காலையில் மறுபடி பழைய அளவு. நின்ற இடத்தில் நிற்கவேண்டிய கட்டடத்துக்கு இது என்ன வேலை? யாரிடமும் மூச்சுவிடாமல், டைல்ஸ் ஒட்டியது போக மீந்திருந்த சிமெண்டைக் குழைத்து, இடைவெளி அகலமாக இருக்கிற விடியற்காலை நேரம் பார்த்து, வராந்தா முழுக்க இண்டு இடுக்கு விடாமல் அடைத்துத் தேய்த்துவிட்டேன். வேலைச் சுத்தத்தில் இப்போதும் யாரும் குறை சொல்ல முடியாது.

இரண்டு நாள் சும்மா இருந்தது. நேற்று மத்தியானம் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் டமார் என்று ஒரு சத்தம். சிமெண்ட் பெயர்ந்து சிதற, பக்கத்து டைல் இரண்டு கூரை மாதிரி நிமிர்ந்து நின்றன. மாடிக்காரர் பாதிச் சவரத்தோடு படியிறங்கி ஓடினார், லிஃப்ட் பக்கத்து வீட்டு டீச்சர் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை அள்ளிக்கொண்டு ஓடினார், உங்கள் மாமியார் என்னை விட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். படியில் நின்றபடிதான் உங்களுக்குப் போன் போட்டேன். என் பேத்தி தவழப்போகிற இடமாயிற்றே, எனக்கு எங்கே நிதானம் வரும்?

சாயங்காலம் கட்டடப் பொறியாளர் வந்தார், என் மகளைவிடச் சின்னப் பெண். பெயர்ந்த சிமெண்டைக் கையில் எடுத்து, அடைத்தது யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இது விரிசல் இல்லய்யா, கட்டும்போது நாங்களே விட்ட எடம். வெயில் ஏறினா கான்கிரீட் நீளும், குளிர்ந்தா சுருங்கும். நீளுறதுக்கு எடம் இல்லேன்னா ஒண்ணை ஒண்ணு முட்டி எங்கயாவது வெடிக்கும். நீங்க வெச்ச சிமெண்டோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க" என்றார். ஒரே கட்டடம் என்று நாம் நினைப்பது, தனித்தனித் தூணோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு கட்டடங்களாம்.

நானும் லேசில் விடவில்லை. அப்படியானால் உள்ளே கிடக்கிற இரும்புக் கம்பியும் நீளுமே, அது கான்கிரீட்டைக் கிழித்துவிடாதா என்று மடக்கினேன். வெயிலுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் நீளுமாம், அதனால்தான் ஒன்றுக்குள் ஒன்றை வைத்துக் கட்டவே முடிகிறதாம். அந்த இடத்தில்தான் மாப்பிள்ளை, எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோட்டுத் துணியும் உள்துணியும் ஒரே அளவு சுருங்காவிட்டால் முதல் சலவையிலேயே கோட்டு சுருட்டிக்கொள்ளும் என்று எனக்கா சொல்லித்தர வேண்டும்? அக்குளில் இடம் விடாமல் தைத்த சட்டை, கையைத் தூக்கினால் கிழியாமல் என்ன செய்யும்? அட, இவ்வளவுதானா என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ராத்திரி அடித்துப்போட்டாற்போலத் தூங்கினேன். இன்று காலை மிச்சச் சிமெண்டை நானே உளியால் தோண்டி எடுத்தேன், டைல் மாற்றியாயிற்று, தகடும் பழையபடி உட்கார்ந்துவிட்டது. துளிப் பயமும் இல்லாமல் கிளம்பி வாருங்கள்.

பேத்திக்கு என் முத்தங்கள். நீங்களும் மகளும் ஒருவருக்கொருவர் கொஞ்சம் இடம் விட்டு, விரிசல் இல்லாமல் நீடூழி வாழ வாழ்த்தும்

உங்கள் மாமனார்.

பி.கு.: மேலே உள்ளதை உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். சட்டை உதாரணம் வரைக்கும் தலையாட்டிக்கொண்டுதான் கேட்டாள். பிறகு, "நீங்க தைச்சுக் குடுத்த ரவிக்கைல எதைப் போட்டுக்கிட்டு என்னால கையத் தூக்க முடிஞ்சுது?" என்று கேட்டுவிட்டு, பேத்திக்காக வாங்கி வைத்திருந்த தொட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தப் பக்கத்து டீச்சர் வீட்டில் போட்டுவிட்டாள். பேத்தி அந்தத் தகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வரக் கூடாதாம். நீங்கள் வரும்போது தையலோடு சம்பந்தமில்லாத விளக்கம் ஒன்றை யோசித்துக்கொண்டு வரவும்.