சாக்ஸபோன்காரரின் வாழ்க்கைக் குறிப்பு

இளையதம்பி தாளை நேராகப் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முழுக்க முழுக்க ஜப்பான் எழுத்து.

அவர் கடிதமும் கணக்கும் எழுதும் கிராணியாக இருந்த ஈப்போ மண்டபத்தில் அன்று மாலை ஏழு மணிக்குக் கச்சேரி. குராஷிமா என்ற ஜப்பான்காரர், ஜாஸையும் ராக்கையும் கலந்து சாக்ஸபோன் வாசிப்பவர். அதற்கு மேல் அவரைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாது. ஜப்பானைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லி அரசாங்கம் முழங்கிக்கொண்டிருந்த வருஷம் அது, எண்பத்து மூன்று. தலைமை தாங்கும் மண்டபத் தலைவர் டத்தோ சதாசிவம் கலைஞரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசியே தீருவேன் என்றிருந்தார். எழுதிக்கொடுக்க வேண்டியவர் இளையதம்பி.

போன மாதம் ஒரு மந்திரியின் பெயரை மாற்றி எழுதிக்கொடுத்திருந்தார். "இன்னொரு தப்பு நடந்துச்சு, பென்ஷன மறந்துரு" என்று டத்தோ சொல்லியிருந்தார். பென்ஷனுக்கு எட்டு மாதம் இருந்தது.

"குறிப்பு சாமானோட லாரியில வருது" என்று கச்சேரி ஏற்பாட்டாளர்கள் கோலாலம்பூரிலிருந்து சொன்னார்கள். லாரி வந்தது. டிரைவர் பத்துமலை எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, கோப்பெங்கில் அக்காவைப் பார்க்கப் போய்விட்டான். சாமான்களைக் குடைந்ததில் கிடைத்தது இந்த ஒரு தாள்தான். கோலாலம்பூருக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. எல்லோரும் ரயிலில் இருந்தார்கள்.

மணி பத்தரை. இளையதம்பி அடுத்த தெரு போட்டோ கடைக்கு ஓடினார். ஜப்பான் எழுத்தில் பாதி சீன எழுத்துத்தான் என்று யாரோ சொன்ன ஞாபகம்.

கடைக்கார வோங் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மலாயில் சொன்னார்: "தண்ணி... கூடாது. வெயில்... கூடாது. மூச்சு. எண்ணெய். மூணு வருஷம்... பிரிச்சு எடுக்கணும். வளைஞ்ச எழுத்தெல்லாம் எனக்குத் தெரியாது."

"எதைப் பிரிச்சு எடுக்கிறது?"

"உடம்பு."

இளையதம்பிக்கு வியர்த்தது. நோயாளியா இந்த மனுஷன்?

வளைந்த எழுத்துக்கு ஆள் சுங்கை சிப்புட்டில் இருந்தாள். ஜப்பான்காரன் ஆட்சியில் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஜப்பான் எழுத்துப் படித்த நல்லம்மாள். பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் மணி பன்னிரண்டு.

"படிக்கத் தெரியும் கிராணியாரே. அர்த்தம் தெரியாது. அடிச்சு அடிச்சு எழுத்து மட்டுந்தான் சொல்லிக்குடுத்தானுங்க."

"அர்த்தம் எனக்குத் தெரியும்" என்றார் அவள் கணவர் சின்னையா. சயாம் ரயில்பாதையில் ஜப்பான்காரனிடம் இரண்டு வருஷம் மண் வெட்டி உயிரோடு திரும்பியவர். "ஆனா படிக்கத் தெரியாது."

ஆக, நல்லம்மாள் படித்தாள். சின்னையா அர்த்தம் சொன்னார். இளையதம்பி எழுதினார்.

"‘நொதோ’... ‘ஃபுக்கு’."

"தொண்டைய தொடைக்கணும்."

"‘நெக்காசெரு’."

"படுக்க வைக்கணும்."

"‘தத்தாக்கு நா’."

சின்னையா தன் முதுகைத் தடவிக்கொண்டார். "அடிக்காதேன்னு அர்த்தம். அத நாங்கதான் அவனுங்ககிட்ட சொல்லுவோம். கேக்கத்தான் மாட்டானுங்க." பிறகு பெருமூச்சு விட்டார். "பாவம் லா, இவனயும் அடிச்சிருக்கானுங்க."

இரண்டு பேருக்கும் முன்வரிசை டிக்கெட் கொடுத்துவிட்டு இளையதம்பி ஈப்போவுக்குத் திரும்பினார். நாலு மணிக்குப் பேச்சு தட்டச்சாகித் தயாராக இருந்தது. துண்டு துண்டாகக் கிடைத்ததை அவர் கோத்து எழுதியிருந்தார். சிறுவயதில் அடிபட்டுச் சிதைந்த உடம்பு. தண்ணீர் ஆகாது, வெயில் ஆகாது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உடம்பைப் பிரித்து ஆபரேஷன். வாசித்து முடித்ததும் தொண்டையைத் துடைத்துப் படுக்க வைக்க வேண்டும்.

டத்தோ படித்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். "இதெல்லாம் நெசமா?"

"தாளிலை இருக்கிறதுதான் டத்தோ" என்றார் இளையதம்பி. கூட வரும் மொழிபெயர்ப்பாளரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துவிடலாம் என்று தைரியப்படுத்திக்கொண்டார்.

ஆறரைக்கு ஆட்கள் வந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. ரயிலில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் ஓட்டலிலேயே படுத்துவிட்டாராம்.

குராஷிமா மேடை ஏறினார். நோயாளி மாதிரியே இல்லை. கட்டுமஸ்தான ஆள். இளையதம்பி திரை மறைவில் தூணைப் பிடித்துக்கொண்டார்.

டத்தோ படித்தார். மண்டபம் விசும்பியது. ஒன்றும் புரியாத குராஷிமா எல்லோரையும் பார்த்துக் குனிந்து வணங்கினார். "அந்த உடம்ப வச்சுகிட்டு குனியறாரே!" என்று ஒரு அம்மாள் அழுதாள்.

குராஷிமா வாசித்தார். கூரை அதிர்ந்தது. மூன்றாவது உருப்படி முடிந்ததும் தொண்டையைத் தடவிக்கொண்டு, "மிசு... மிசு..." என்றார்.

முன்வரிசையில் சின்னையா துள்ளி எழுந்தார். "தண்ணி கேக்குறாரு! குடுக்காதீங்க!"

டத்தோவே ஓடிப்போய் மேடையிலிருந்த கூஜாவை அப்புறப்படுத்தினார். குராஷிமா டிரம்ஸ்காரரின் பாட்டிலுக்குக் கை நீட்டினார். இரண்டு தொண்டர்கள் அதையும் பிடுங்கினார்கள். வறண்ட தொண்டையோடு அவர் ஊதிய ஊதலில் ஒரு கரகரப்பு ஏறியது. அதைக் கேட்டு ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கடைசி உருப்படி முடிந்ததும் அவர் கழிப்பறைக் குழாயை நோக்கி ஓடினார். நான்கு பேர் வழிமறித்துத் தூக்கிவந்து, விளக்கை அணைத்த அறையில் மேசைமேல் படுக்கவைத்தார்கள். நல்லம்மாள் முந்தானையால் அவர் தொண்டையைத் துடைத்துவிட்டாள்.

டத்தோ இளையதம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இந்த மாதிரி பேச்சு நான் பேசினதே இல்லய்யா. உன் பென்ஷனுக்கு நான் பொறுப்பு."

அன்று காலையிலிருந்து அடைத்திருந்த மூச்சை இளையதம்பி அப்போதுதான் விட்டார். கண்களைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கோப்பெங்கிலிருந்து திரும்பியிருந்த பத்துமலை லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"கிராணி சார், பொட்டிக்குள்ள ஒரு ஜப்பான் தாளு இருந்துச்சு, பாத்தீங்களா? புது சாக்ஸபோன எப்படித் தொடச்சு வைக்கணும்னு கம்பெனிக்காரன் எழுதிக் குடுத்தது லா அது!"